கடைசி இடம் பிடித்தவர் திறந்த கதவு

2023 ஜனவரி. ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் ரில்டன் கோப்பை செஸ் போட்டியை வென்று, இந்தியாவின் 79-வது கிராண்ட்மாஸ்டர் ஆனார் காரைக்குடியைச் சேர்ந்த 16 வயது எம். பிரனேஷ். புதுக்கோட்டையில் பஸ் ஏறினால் திருமயம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் காரைக்குடி. ‘நம்ம பக்கத்துப் பையன்’ என்று புதுக்கோட்டைக்காரர்களும் தாராளமாக உரிமை கொண்டாடலாம்.

அதே ஸ்டாக்ஹோமில் 1962-ல் இன்னொரு தமிழர் ஆடினார். 23 பேர் ஆடிய போட்டியில் அவருக்குக் கிடைத்தது கடைசி இடம். இந்த வாரக் கதாநாயகர் அவர்தான்: மேனுவல் ஆரோன்.

1935-ல் பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1959-ல் முதன்முறையாகத் தேசிய சாம்பியன். 1981-க்குள் அந்தப் பட்டம் 9 முறை அவர் வசமானது. 1960-ல் லைப்சிக் ஒலிம்பியாடில் முன்னாள் உலக சாம்பியன் மாக்ஸ் ஆய்வேயையே வீழ்த்தினார். 1961-ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர். அர்ஜுனா விருது பெற்ற முதல் செஸ் வீரரும் அவரே.

ஸ்டாக்ஹோம் போட்டி சாதாரணமானதல்ல. உலக சாம்பியனோடு மோதப்போவது யார் என்று வடிகட்டும் ‘இன்டர்ஸோனல்’ அது. ஆஸ்திரேலியாவின் செசில் பர்டியை 3-0 என்று வென்றுதான் ஆரோன் அங்கே போய்ச் சேர்ந்தார். முதலிடம் பிடித்தவர் பாபி ஃபிஷர். கடைசி இடம் என்றாலும் ஆரோன் வெறுங்கையோடு திரும்பவில்லை. ஹங்கேரியின் லாயோஷ் போர்ட்டிஷ், கிழக்கு ஜெர்மனியின் வொல்ஃப்காங் உல்மன் என்ற இரண்டு பெரும்புள்ளிகளைத் தோற்கடித்திருந்தார்.

அப்படிப்பட்டவர்களை வெல்லக்கூடியவர் ஏன் கடைசிக்குப் போனார்? திறமைக் குறைவு என்று சொல்ல முடியாது. ஃபிஷரும் சோவியத் வீரர்களும் தொடக்க நகர்த்தல்களைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்தவர்கள். இங்கேயோ 1950-களிலும் பலர் நாட்டுமுறைச் சதுரங்கம்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதில் சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான் போகும். ராஜா ஒரே ஒரு தடவை குதிரைபோலத் தாவலாம். சர்வதேச விதிகளில் ஆடுங்கள், ஆட்டக் குறிப்புகளைப் படியுங்கள், ஓப்பனிங் படியுங்கள் என்று ஆரோன் இங்குள்ள ஆட்டக்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

சொன்னதோடு நிற்கவும் இல்லை. உலக சாம்பியன் பட்டத்துக்காக ஃபிஷரும் ஸ்பாஸ்கியும் ரெய்க்யாவிக்கில் மோதிய அதே 1972-ல், சென்னை கஸ்தூரி ரங்கன் சாலையில் இருந்த சோவியத் கலாசார மையத்தில் ஒரு செஸ் கிளப்பைத் தொடங்கினார். ரிகா நகரத்து முன்னாள் உலக சாம்பியன் மிகைல் தாலின் பெயரை அதற்குச் சூட்டினார்கள்.

தால் கிளப்பின் பிளிட்ஸ் (அதிவேக செஸ்) ஆட்டத்துக்கு ஒரு நடைமுறை இருந்தது. ஜெயித்தவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டாம். தோற்றவர் எழுந்து, காத்திருப்போர் வரிசையின் கடைசியில் போய் நிற்கவேண்டும். வயது, வேலை, பட்டம் எதற்கும் அங்கே சலுகை இல்லை. வேகமாக யோசிக்காவிட்டால் நிற்கும் நேரம்தான் அதிகமாகும். அம்மா சுசீலாவிடம் காய் நகர்த்தக் கற்றுக்கொண்ட ஒரு சிறுவனும் அந்த வரிசையில் நின்றான். பெரியவர்களிடம் தோற்பான், வரிசைக்குப் போவான், மறுபடி உட்காருவான். விஸ்வநாதன் ஆனந்தின் புகழ்பெற்ற வேகம் ஊறியது அந்த நாற்காலியில்தான். 1988-ல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

ஆரோன் 1983-ல் ‘செஸ் மேட்’ என்ற பத்திரிகையைக் கொண்டுவந்தார். பிற்பாடு விஜய் பண்டிட்டுடன் சேர்ந்து இந்திய செஸ் வரலாற்றையும் புத்தகமாக எழுதினார். ஆனாலும் அவருடைய 9 தேசியப் பட்டங்களைவிட அந்தக் கிளப்தான் பெரிய சாதனை என்பேன். பட்டம் அவரோடு நின்றுவிடும். கிளப் அடுத்த தலைமுறைக்கு நாற்காலி போட்டது.

ஒரு கிளப் நடக்க கிராண்ட்மாஸ்டர் தேவையில்லை. பொறுப்பான ஆள் தேவை. புதுக்கோட்டையோ அறந்தாங்கியோ, ஞாயிற்றுக்கிழமை ஒரு பள்ளிக்கூடத்திலோ மண்டபத்திலோ டோர்னமென்ட் நடந்தால் போய்ப் பாருங்கள். முதல் ரவுண்டுக்கு முன்னாலேயே வந்து மேசைகளை வரிசைப்படுத்துபவர், போர்டில் காய் குறைந்தால் டப்பாவைத் துழாவித் தேடிக்கொடுப்பவர், யாரோடு யார் ஆடுவது என்று காட்டும் பேரிங் தாளைச் சுவரில் ஒட்டுபவர், தோற்று அழும் குழந்தையிடம் ‘அடுத்த ரவுண்டு இருக்குடா’ என்பவர்: எல்லாம் பெரும்பாலும் ஒரே ஆளாக இருப்பார். நல்லா ஆடக்கூடியவராகவும் இருப்பார். ஆனால் அன்று ஆட அவருக்கு நேரம் இருக்காது. பரிசளிப்புப் படத்தில் ஓரமாக நிற்பார், அல்லது படம் எடுத்துக்கொண்டிருப்பார். காரைக்குடியிலிருந்து ஸ்டாக்ஹோம் வரை போகிற பாதையை இப்படிப்பட்டவர்கள்தான் போட்டார்கள்.

கிளப் என்றால் செலவும் இருக்கிறதே? 1983-ல் தேசிய அணிப் போட்டிக்கு ‘மெட்ராஸ் கோல்ட்ஸ்’ என்ற இளைஞர் அணி கிளம்பியது. அதில் ஆனந்தும் ஒருவர். அந்த அணிக்குப் பணம் கொடுத்து உதவியவர் செஸ் உலகத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர்: பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியம். செஸ்ஸுக்குப் புரவலர்களாக இருந்தவர்களைப் பற்றி அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)