கடற்கரைக் கூரைகள்: தருப்பை முதல் கற்காரை வரை

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன்மீது பாடியது. பாணன் செல்லும் வழியில் எதிர்ப்படும் வலைஞர் குடியிருப்பை அந்நூல் கூரையிலிருந்தே காட்டத் தொடங்குகின்றது. வேழக்கோல்களை வரிசையாகப் பரப்பி, இடையிடையே வெண்ணிறக் கொம்புகளைக் கலந்து, தாழை நாரால் கட்டி, தருப்பைப் புல்லால் வேய்ந்த குடில் அது. அவ்வலைஞர் குளத்து மீன் பிடிப்போரே. ஆயினும் முன்றிலில் பரந்த மணலும், பந்தலுக்கு வெட்டிய புன்னைக் கிளையும், கட்டிய தாழை நாரும் கடல் தொலைவில் இல்லை என்பதை உணர்த்துகின்றன.

அக்குடிலுக்குப் புலவர் தரும் அடைமொழி 'குறியிறை' என்பது. குறுகிய இறவாரத்தை உடையது என்பது பொருள். உரை படிப்போர் இதனை எளியோர் குடிலின் சிறுமையைக் குறிப்பதாகக் கொண்டு கடந்துவிடுவர். குறவர் குடிலுக்கும் இதே அடைமொழி புறநானூற்றில் வருதலின், கடற்காற்றை எண்ணியே புலவர் இச்சொல்லை ஆண்டார் என வலிந்து கூறுதல் பொருந்தாது. எனினும் புயலின் இயல்பை அறிந்தோர்க்கு இச்சொல் வறுமையை மட்டும் சொல்வதாகத் தோன்றாது.

புயற்காற்று கூரையை அழுத்தி நொறுக்குகின்றது என்பதே பொதுவான எண்ணம். உண்மையில் நிகழ்வது பெரும்பாலும் இதற்கு மாறானது. கூரையின்மேல் விரைந்தோடும் காற்று அதனை மேல்நோக்கி உறிஞ்சுகின்றது. சுவரில் மோதும் காற்றோ மேலெழுந்து இறவாரத்தின் அடியில் புகுந்து தூக்குகின்றது. காற்றை எதிர்நோக்கிய கதவு உடைந்துவிட்டால் உள்ளே புகுந்த காற்றும் சேர்ந்து தள்ளும். முகடும் விளிம்பும் மூலைகளுமே முதலில் பெயரும். நீண்டு நிற்கும் இறவாரம் காற்றின் கையில் அகப்பட்ட முறம் போன்றது. ஆகவே கடற்கரைக் கூரைக்கு எதை வேய்வது என்பதைக் காட்டிலும், வேய்ந்ததை எதனோடு, எவ்வாறு பிணைப்பது என்பதே முதல் வினாவாகின்றது. பெரும்பாணாற்றுப்படை வேய்ந்த புல்லோடு கட்டிய நாரையும் மறவாமல் கூறுவது நோக்கத்தக்கது.

இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. மண்சுவரைச் சாரலினின்று காக்க இறவாரம் நீள வேண்டும். காற்றுக்கு அஞ்சினால் அது குறுக வேண்டும். கூரையையே தாழ்த்திவிடுதல் மீனவர் கண்ட வழி. குனிந்து நுழையும் அளவுக்கு இறங்கிய கீற்றுக் கூரை சுவரையும் மறைத்தது. காற்றுக்கும் முகம் கொடுக்கவில்லை. கயிற்றால் கட்டிய அக்கூரையில் இரும்பு இல்லை. எனவே உப்புக்காற்றால் துருவேறுவதற்கும் ஒன்றுமில்லை. இதனால் அதனைப் போற்றிப் பாட வேண்டியதில்லை. ஈரத்தில் மட்கும் கீற்றை ஓரிரு ஆண்டுகளில் மாற்றியாக வேண்டும். ஒரு பொறி பட்டால் தெருவே எரியும். பெரும்புயலில் அதன் கீழ் உயிர் தங்காது.

வசதி உடையோர் ஓட்டை நாடினர். நாட்டு ஓடு தன் எடையாலேயே கிடப்பது. மங்களூரில் பாசல் மிஷன் 1865-இல் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து வந்த சீமை ஓடு, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் விளிம்பும், சட்டத்தில் மாட்டும் கொளுவும் உடையது. அக்கொளுவில் கம்பி கோத்துச் சட்டத்தோடு கட்டுவதற்கென்றே சிறு துளையும் உண்டு. பல வீடுகளில் அத்துளைகள் வெறுமனே கிடக்கின்றன. செய்தவன் அறிந்து வைத்ததை வேய்ந்தவன் மறந்தான் போலும்!

நகர்ப்புற மாளிகைகளில் 'மெட்ராஸ் டெரஸ்' எனப்பட்ட தளம் பரவியது. தேக்கு உத்தரங்களின்மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துக்கல்லாகக் குறுக்குச் சாய்வில் அடுக்கி, அதன்மேல் செங்கல் உடைவும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, தட்டோடு பதிப்பர். காற்றுக்கு அசையாத எடை உடையது. கம்பி இல்லாமையால் உப்புக்கும் அஞ்சாதது. சுவருக்குள் புதைந்த உத்தர முனைகள் ஈரத்தில் இற்றுப்போவதே அதன் குறை.

1964 திசம்பர் 22 இரவில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அங்குள்ள மாதா கோயிலின் பவளக்கல் சுவர்கள் இன்றும் நிற்கின்றன, கூரை இல்லை. இத்தகைய அழிவுகளுக்குப் பின் மக்கள் மனம் கற்காரை எனப்படும் கான்கிரீட்டை நாடியது இயல்பே. புயலின்போது குடிசைவாசிகள் ஓடி ஒளிந்ததும் பள்ளிக்கூடத் தளத்தின் கீழேதான். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகை மாவட்டக் கடலோரத்தில் எழுந்த புதுக் குடியிருப்புகள் பெரும்பாலும் தட்டையான கற்காரைத் தளம் உடையவை.

தளம் காற்றுக்கு நிற்கும். ஆனால் கடற்கரையில் உப்பு அதன் உள்ளே புகுகின்றது. ஈரத்தோடு கலந்து கம்பியை அடைந்ததும் துருப்பிடிக்கின்றது. துரு இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கொள்வதால் காரை வெடித்து உதிர்கின்றது. இந்தியத் தர நிர்ணய விதி ஐ.எஸ். 456 (2000), மிதமான சூழலில் கம்பிக்கு 20 மி.மீ. காரை மூடல் போதும் என்றும், கடலோரச் சூழலில் 45 மி.மீ. வேண்டும் என்றும் கூறுகின்றது. இந்த 25 மி.மீ. வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை. வீடு பெறுவோர் அதனைக் கேட்பதுமில்லை. சிக்கனம் கருதும் ஒப்பந்தக்காரர் சொல்வதுமில்லை. கடல்மணலைக் கழுவாது கலந்துவிட்டாலோ, உப்பு வெளியிலிருந்து வர வேண்டிய தேவையே இல்லை. கீற்று மட்குவது கண்ணுக்குத் தெரியும். கம்பி துருவேறுவது மேற்காரை பெயர்ந்து விழும்வரை தெரியாது.

இடைப்பட்ட நிலையினர் தகடுகளை நாடினர். கல்நார் தகடு துருப்பிடிக்காது; ஆனால் திருகாணித் துளையிலேயே பிளக்கும், உடையும்போது பறக்கும் இழை நுரையீரலுக்குக் கேடு. துத்தநாகம் பூசிய தகட்டிலும் வெட்டிய விளிம்பையும் துளையையும் உப்பு முதலில் பற்றுகின்றது. தகடே வேய்வதாயின் நான்கு புறமும் சரிந்த கூரை இருபுறச் சரிவினும் நன்று. விளிம்பிலும் முகட்டிலும் கொக்கியாணிகளை நெருக்கி அடிக்க வேண்டும். கைம்மரத்தைச் சுவரின் உச்சியோடு மட்டுமன்றி அடித்தளம்வரை பிணைத்தல் வேண்டும்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. கூரைகள் பறந்ததோடு இலட்சக்கணக்கான தென்னைகளும் சாய்ந்தன. மீண்டும் வேய்வதற்குக் கீற்றுத் தரும் மரமே வீழ்ந்துவிட்டமையால், நிவாரணமாக வந்த தார்ப்பாய்களே பல வீடுகளுக்குக் கூரையாயின. எஞ்சிய கம்பங்களின்மேல் அவற்றை விரித்து, தாழ இறக்கி, கயிற்றால் இறுகக் கட்டினர்.