தலிமெரன் ஆவோ

தலிமெரன் ஆவோ (28 ஜனவரி 1918 – 13 செப்டம்பர் 1998) மருத்துவக் கல்லூரி மாணவராக இருந்தபோதே புகழ்பெற்ற ஹாஃப்பேக் ஆட்டக்காரர். விடுதலைக்குப் பின் இந்தியா முதன்முதலாக ஒலிம்பிக்குக்கு அனுப்பிய கால்பந்து அணிக்கு இவரே தலைவர்.

இளமை

நாகா மலைப்பகுதியிலுள்ள சாங்கி என்னும் ஊரில், கிறித்தவப் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். தந்தை 1935இல் டைபாய்டு காய்ச்சலில் இறந்தார். மகன் மருத்துவராக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். குவாஹாட்டி காட்டன் கல்லூரியில் படித்தபின், கொல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் (இன்றைய ஆர்.ஜி. கர்) சேர்ந்தார்.

ஆட்டம்

அன்றைய அணிகளில் கோல்கீப்பருக்கு முன்னே இரண்டு பேக், மூன்று ஹாஃப்பேக், ஐந்து ஃபார்வர்டு நிற்பது வழக்கம். எதிரணியின் தாக்குதலை முறிப்பதும், பறித்த பந்தை முன்னே கொடுப்பதும் ஹாஃப்பேக்கின் வேலை. கோல் அடிப்பவர் பெயர் வெளியே தெரியும். ஆட்டத்தைத் தாங்குபவர் இவர்தான். அந்த இடத்தில் ஆடியே ஆவோ பெயர் பெற்றார். 1943இல் மோகன் பகான் அணியில் சேர்ந்தார். பின்னர் அதன் தலைவருமானார்.

லண்டன், 1948

ஒலிம்பிக் தொடக்க விழாவில் இந்தியக் கொடியை ஏந்திச் சென்றவரும் இவரே. ஜூலை 31 அன்று பிரான்சுடன் நடந்த ஆட்டத்தில் இந்தியர் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்துச் சமன் செய்தார். ஆனால் இரண்டு பெனால்டி வாய்ப்புகள் வீணாயின. ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்ஸ் அடித்த கோலால் இந்தியா 1–2 எனத் தோற்றது.

மருத்துவப் பணி

1950இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் சொந்த மண்ணுக்குத் திரும்பி, கோஹிமா அரசு மருத்துவமனையில் பணியாற்றினார். நாகாலாந்து மாநிலத்தின் சுகாதாரத் துறை இயக்குநராக உயர்ந்து, 1978இல் ஓய்வுபெற்றார். 2018இல் இவரது நூற்றாண்டையொட்டி இந்திய அஞ்சல்துறை தபால்தலை வெளியிட்டது.

மாணவர்க்கு

புளியந்தோப்பு, வியாசர்பாடி பக்கம் மாலை நேரத்தில் பந்தோடு ஓடும் பிள்ளைகள் ஏராளம். பத்தாம் வகுப்பு வந்தவுடன் "இனி பந்தைத் தொடாதே" என்று வீட்டில் சொல்வதும், பந்துக்காகப் பள்ளியையே விட்டுவிடுவதும் இங்கே நடப்பவைதான். நாட்டின் அணித்தலைவராக லண்டன் சென்றபோது ஆவோ மருத்துவப் பட்டம் பெற்றிருக்கவில்லை. ஆடி முடித்தார், படித்தும் முடித்தார். இரண்டில் ஒன்றைக் கைவிடச் சொல்லும் முன், பெற்றோரும் ஆசிரியரும் இவர் வரலாற்றை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.