30 கிலோ கொடுத்து வாங்கிய 6.7 விநாடி

2009 ஆகஸ்ட் 30, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நான் டிவி முன்னாடி உட்கார்ந்திருந்தேன். பெல்ஜியத்தின் ஸ்பா ட்ராக்கில் ஃபார்முலா 1 ரேஸ். முதல் இடத்திலிருந்து கிளம்பப் போவது யார் தெரியுமா? விஜய் மல்லையாவின் ஃபோர்ஸ் இந்தியா! அதுவரைக்கும் ஒரு பாயின்ட்கூட வாங்காத டீம். ஓட்டினவர் இத்தாலிக்காரர் ஜான்கார்லோ ஃபிஸிகெல்லா.

முதல் லேப்பிலேயே பின்னாடி மோதல். சேஃப்டி கார் வந்தது. அது விலகி ரேஸ் மறுபடி தொடங்கினதும் மேடேறும் நீளமான நேர்ச்சாலை. அங்கே ஃபெராரியில் இருந்த கிமி ராய்க்கோனன் ஒரு பட்டனை அழுத்தித் தாண்டிப் போய்விட்டார். மிச்ச ரேஸ் முழுக்க ஃபிஸிகெல்லா விடாமல் துரத்தினார். முந்த முடியவில்லை. கடைசியில் ரெண்டு பேருக்கும் நடுவில் ஒரு விநாடிகூட இல்லை.

அந்தப் பட்டன்தான் கெர்ஸ். பிரேக் போடும்போது வீணாகிற ஆற்றலைச் சேமிச்சு, வேணுங்கிறப்ப திருப்பித் தரும் கருவி. 2009 விதிப்படி ஒரு லேப்புக்கு 400 கிலோஜூல், அதிகபட்சம் 60 கிலோவாட், அதாவது சுமார் 80 குதிரைத்திறன். வகுத்துப் பாருங்க, 6.7 விநாடி வரும்.

400 கிலோஜூல் ஒண்ணும் பெரிய அளவு இல்லை. 75 வாட் சீலிங் ஃபேன் ஒன்றரை மணி நேரம் ஓடினாலே அவ்வளவு செலவாகும். ஆனா அதை 6.7 விநாடியில் கொட்டணும். சிக்கலே அங்கதான். குடத்தில் எவ்வளவு தண்ணி பிடிக்கும் என்பது ஒரு கேள்வி. அதோட வாய் எவ்வளவு அகலம் என்பது வேற கேள்வி.

லித்தியம் பேட்டரி பெரிய குடம், ஆனா வாய் குறுகல். வேகமா கொட்டினா சூடாகும். அதனால தேவைக்கு மேல செல்களை அடுக்கணும். எடை ஏறும். சூப்பர் கெபாசிட்டர் அகலவாய்ச் சட்டி. சட்டுனு நிறையும், சட்டுனு காலியாகும், ஆனா கொஞ்சம்தான் பிடிக்கும். மூணாவது ஃப்ளைவீல். ஒரு சக்கரத்தை அசுர வேகத்தில் சுழலவிட்டு, அந்தச் சுழற்சியிலேயே ஆற்றலை வெச்சிருப்பது.

அந்த சீசனை கெர்ஸோட தொடங்கிய ஃபெராரி, மெக்லாரன், ரெனோ, பிஎம்டபிள்யூ நாலுமே பேட்டரியைத்தான் எடுத்தன. வில்லியம்ஸ் ஃப்ளைவீல் செஞ்சது, ஆனா ஃபார்முலா 1 ரேஸில் அது ஓடவே இல்லை.

விலை என்ன? சுமார் 30 கிலோ. காரும் டிரைவரும் சேர்ந்து குறைஞ்சது 605 கிலோ இருக்கணும் என்பது 2009 விதி. டீம்கள் காரை அதைவிட லேசா செஞ்சு, மிச்சத்துக்கு உலோகக் கட்டிகளைத் தரையோடு தரையா, வேணுங்கிற இடத்தில் வைப்பாங்க. திருப்பத்தில் கார் சமநிலையா நிற்க அது உதவும். கெர்ஸ் வெச்சா அந்த வசதியில் பெரும்பகுதி போச்சு. அதாவது, நேர்ச்சாலையில் லாபம், ஒவ்வொரு திருப்பத்திலும் நஷ்டம். அந்த வருஷம் சாம்பியன்ஷிப்பில் முதலிடம் பிரான், ரெண்டாமிடம் ரெட் புல். ரெண்டு டீமிடமும் கெர்ஸ் கிடையாது!

ஒதுக்கப்பட்ட ஃப்ளைவீல் என்னாச்சு? வில்லியம்ஸின் அதே தொழில்நுட்பத்தோட 2012ல் ஆடி லெ மான் 24 மணி நேர ரேஸை ஜெயிச்சது. அங்கே ஜெயிச்ச முதல் ஹைபிரிட் கார் அது. 2014 லெ மானில் ஆடி ஃப்ளைவீல், டொயோட்டா சூப்பர் கெபாசிட்டர், போர்ஷே பேட்டரின்னு மூணும் ஒரே ட்ராக்கில் மோதின. ஜெயிச்சது ஆடி. அடுத்த வருஷம் போர்ஷே. 2016ல் ஆடியே பேட்டரிக்கு மாறிடுச்சு. குடத்தின் வாய் அதுக்குள்ள அகலமாகியிருந்தது.

ஃபிஸிகெல்லா கதைக்கு ஒரு பாக்கி இருக்கு. ஸ்பா முடிஞ்ச அதே வாரம் ஃபெராரி அவரைக் கூப்பிட்டுக்கிச்சு. அவரை முந்தின அதே மாதிரி கார், அதே பட்டன். பழகாத காரோட அஞ்சு ரேஸ் போராடினார். ஒரு பாயின்ட்கூட வரலை.