அறிவுரைக்கு முன் செவி கொடுத்தவர்

மனத்துயரோடு ஒருவர் வந்தால் முதலில் அறிவுரை சொல்வதா, அவர் சொல்வதைக் கேட்பதா? இந்தக் கேள்விக்கு விடை தேடியே ஒரு சிகிச்சை முறையை உருவாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ்.

1902ஆம் ஆண்டு சிக்காகோவை அடுத்த ஓக் பார்க்கில் பிறந்த ரோஜர்ஸ், முதலில் படிக்கப் போனது வேளாண்மை. பிறகு சமயக் கல்வியை நாடினார். அதையும் விட்டு உளவியலுக்கு வந்தார். 1928இல் ரோச்செஸ்டர் நகரில், சிக்கலுக்கு உள்ளான பிள்ளைகளுக்கான நிலையத்தில் சேர்ந்து 12 ஆண்டுகள் பணியாற்றினார்.

அக்காலத்தில் உளவியலில் இரு போக்குகள் ஓங்கியிருந்தன. ஒன்று, ஆழ்மனத்தை ஆராயும் பிராய்டின் உளப்பகுப்பாய்வு. மற்றொன்று, மனிதரின் நடத்தையைப் பழக்கத்தால் மாற்ற முனைந்த நடத்தையியல். இரண்டிலும் எல்லாம் அறிந்தவர் நிபுணர்தான்.

ரோச்செஸ்டரில் ஒரு தாய், அடங்காத தன் மகனைப் பற்றிப் பேச வந்தார். சிறுவயதில் மகனை அவர் மனத்தால் ஒதுக்கியதே காரணம் என்று ரோஜர்ஸ் கண்டார். அதைப் பல சந்திப்புகளில் பொறுமையாக எடுத்துச் சொன்னார். பலன் இல்லை. இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம் என்று இருவரும் முடிவு செய்தனர். கிளம்பிய தாய் வாசலருகே திரும்பி, பெரியவர்களுக்கும் இங்கே ஆலோசனை உண்டா என்று கேட்டார். உண்டு என்றதும் மீண்டும் அமர்ந்து, தம் மணவாழ்க்கையின் வேதனையைக் கொட்டித் தீர்த்தார். உண்மையான சிகிச்சை அன்றுதான் தொடங்கியது. எங்கே வலிக்கிறது என்பது வலிப்பவருக்கே தெரியும் என்ற பாடத்தை ரோஜர்ஸ் அதிலிருந்து பெற்றார்.

1942இல் வெளிவந்த தமது நூலில், ஒரு சிகிச்சையின் உரையாடல் முழுவதையும் ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி அச்சிட்டார். மூடிய அறைக்குள் நடந்ததைப் பிறரும் ஆராய அது வழிவிட்டது. ‘நோயாளி’ என்ற சொல்லையும் தவிர்த்து, உதவியை நாடி வருபவர் என்ற பொருளில் ‘கிளையண்ட்’ என்றே குறிப்பிட்டார்.

ஆலோசகருக்கு வேண்டிய மூன்று பண்புகளை 1957இல் எழுதிய கட்டுரையில் வலியுறுத்தினார். போலித்தனம் இல்லாத உண்மைத்தன்மை, வந்தவரை நிபந்தனையின்றி மதித்து ஏற்றல், அவர் இடத்திலிருந்து அவர் உலகைப் புரிந்துகொள்ளும் பரிவு ஆகியவையே அவை. 1960களில் ஆபிரகாம் மாஸ்லோ போன்றோரின் சிந்தனையும் சேர்ந்து, மனிதநேய உளவியல் ‘மூன்றாம் சக்தி’ என்று பெயர் பெற்றது.

எல்லாம் வெற்றியில் முடியவில்லை. விஸ்கான்சினில் ‘சிசோஃப்ரினியா’ எனும் கடும் மனநோய்க்கு ஆளானவர்களிடம் இம்முறையைச் சோதித்தபோது, ஒட்டுமொத்தமாகப் பெரிய முன்னேற்றம் தென்படவில்லை. அந்த முடிவும் 1967இல் நூலாக வெளியிடப்பட்டது. பரிவு மட்டுமே எல்லா நோய்க்கும் மருந்தாகிவிடாது.

ஆனாலும் ரோஜர்ஸ் ஓயவில்லை. பகை மூண்டிருந்த வட அயர்லாந்தின் கத்தோலிக்கரையும் புராட்டஸ்டண்டுகளையும், இனப்பாகுபாடு நிலவிய தென்னாப்பிரிக்காவின் கறுப்பரையும் வெள்ளையரையும் ஒரே அறையில் அமர்த்தி, ஒருவர் பேச மற்றவர் கேட்கச் செய்தார். 1987இல் காலமானார்.

இன்று ஆலோசகர் பயிற்சியில் முதலில் கற்பிக்கப்படுவது கேட்கும் திறன். அதற்குப் பட்டம் தேவையில்லை. பிள்ளை வாய் திறக்கும்போது, புத்திமதியைச் சற்றே தள்ளிவைக்கும் பெற்றோருக்கும் அது கைவரும்.