பதுளையிலிருந்து உலக மென்பொருள் போட்டிக்கு

மாணவர்களுக்கான 'இமேஜின் கப்' போட்டியை மைக்ரோசொப்ட் 2003 இல் தொடங்கியது. பல்கலைக்கழக மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து, சமூகப் பிரச்சினை ஒன்றுக்கு மென்பொருளால் தீர்வு வடிவமைத்து நடுவர்களுக்கு விளக்குவர்.

தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த பதுளையில் 2005 இல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் உருவானது. கணினி அறிவியல் பட்டப்படிப்பும் அங்குண்டு. ஆனால் அருகில் வசிப்பதால் மட்டும் அனுமதி கிடைக்காது. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவு, கிளிநொச்சியுடன் பதுளையும் அப்பட்டியலில் உள்ளது.

எனினும் கணக்கெடுக்கப்படுவது மாவட்டமே, தோட்டமல்ல. உயர்தரக் கணிதப் பிரிவுள்ள தமிழ்மொழிப் பாடசாலைகள் தோட்டப் பகுதிகளில் மிகச் சில. லயத்துப் பிள்ளைக்கு உலகப் போட்டியின் முதற்சுற்று அந்த வகுப்பறைதான்.