திண்ணையில் கேட்ட கதைகள்

"உங்களுக்குப் பூர்வீகம் எது?" என்று கேட்டால் திருவனந்தபுரத்தில் வளர்ந்த நம்மவர்களுக்குச் சற்றுத் தயக்கம் வரும். அகத்தில் பேசுவது தமிழ், வெளியில் மலையாளம், குலதெய்வமோ திருநெல்வேலிப் பக்கம்.

அடியேன் கரமனையில் வளர்ந்தவன். மாலையில் சந்தியாவந்தனம் முடிந்ததும் பெரியப்பா திண்ணையில் அமர்ந்து கதை சொல்வார். ஏர்வாடியிலிருந்து வந்த ராமய்யன் என்ற பையன், அணையப்போன விளக்கைச் சமயோசிதமாக ஏற்றி மார்த்தாண்ட வர்மா மகாராஜாவின் கண்ணில் பட்ட கதை அவருக்கு மிகவும் பிடிக்கும். நான் பி.எஸ்ஸி. படித்த காலத்தில் ஒருநாள், "இது எந்த வருஷம்? ஆதாரம் என்ன?" என்று குறுக்கிட்டேன். பெரியப்பா சிரித்தார். அதன்பின் எனக்குக் கதை சொல்லவில்லை.

ஓய்வு பெற்றபின் சரித்திரப் புத்தகங்களைப் புரட்டினேன். ராமய்யன் 1737 முதல் 1756-ல் இறக்கும்வரை திருவிதாங்கூரின் தளவாயாக இருந்தது உண்மை. விளக்குக் கதை செவிவழிச் செய்தியே. ஆனால் வெளியூரிலிருந்து வந்தவனுக்கும் இம்மண்ணில் இடம் உண்டு என்ற தைரியத்தை எங்களுக்குத் தந்தது அந்தக் கதைதான்.

இன்னொரு ராமய்யாவும் இங்கு வந்தார். 1890-ல் தஞ்சை ஜில்லா போலகத்தில் பிறந்த அவர், தந்தையை இழந்து, 1899-ல் தாயாருடன் திருவிதாங்கூர் வந்து சேர்ந்தார். இங்கேயே சம்ஸ்கிருதம் கற்றார். கரமனை நீலகண்ட சிவனின் (1839–1900) பக்திப் பாடல்கள் அவர் மனத்தில் ஆழப் பதிந்தன. பின்னாளில் உலகம் அவரைப் பாபநாசம் சிவன் என்று அறிந்தது. அவர் எந்த ஊர்க்காரர்? இரண்டு ஊரும் உரிமை கொண்டாடலாம்.

1956 நவம்பர் 1-ம் தேதி தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நாகர்கோவில் வடிவீசுவரத்தில் பிறந்த என் தகப்பனார் இங்கே சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தார். அவர் ஒரு மாநிலம், அவருடைய அண்ணா ஒரு மாநிலம் என்றாயிற்று. அதைப் பற்றி அப்பா பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு சதாபிஷேகத்தில் நண்பர் ஒருவர் தம் தகப்பனாரின் கதையைச் சொன்னார். எந்த மாநிலத்தில் பணியைத் தொடர்வது என்று தெரியாமல் பல இரவுகள் அவர் தூங்கவில்லையாம். "பென்ஷன் இங்கே, தாயார் அங்கே" என்று புலம்புவாராம். அதைக் கேட்டபோதுதான், என் அப்பா மாதந்தவறாமல் நாகர்கோவில் பஸ் ஏறியதன் பொருள் எனக்கு விளங்கியது. அதுவரை பாட்டியைப் பார்க்கப் போகிறார் என்று மட்டுமே நினைத்திருந்தேன். பிறர் அகத்துக் கதையில் என் அகத்துக் கதையைக் கண்டுகொண்டேன்.

மும்பையிலும் தில்லியிலும் வெளிநாட்டிலும் வாழும் அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அகத்துப் பெரியவர்களிடம் கதை கேளுங்கள், எழுதி வையுங்கள். வருஷத்தையும் ஆதாரத்தையும் பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம். முதலில் குறுக்கிடாமல் கேளுங்கள். நான் செய்த பிழையை நீங்கள் செய்ய வேண்டாம்.