இருண்ட இடைக்காலம் என்னும் புனைவு: 'தி கிரீன் நைட்' திரைப்படமும் அதன் மூலக்கவிதையும்

முன்னுரை

டேவிட் லோவரி இயக்கத்தில் 2021ஆம் ஆண்டு வெளிவந்த 'தி கிரீன் நைட்', ஆர்தர் அரசனைச் சூழ்ந்த பழங்கதைகளுள் ஒன்றைத் தழுவிய திரைப்படமாகும். அதன் மூலம், 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இயற்றப்பட்ட 'சர் காவைனும் பச்சை வீரனும்' என்னும் இடைக்கால ஆங்கிலக் கவிதை. திரைப்படத்தில் நிறைந்துள்ள இருண்மை இம்மூலத்திற்கு உரியதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மூலமும் அதன் வரலாறும்

2530 அடிகளைக் கொண்ட இக்கவிதையின் ஆசிரியர் பெயர் அறியப்படவில்லை. தமிழ் யாப்பின் மோனையை ஒத்த முதலொலி ஒன்றுதலே இதன் அடிப்படை. ஒரேயொரு சுவடியில் மட்டும் எஞ்சிய இக்கவிதை, 1731இல் காட்டன் நூலகத்தைச் சேதப்படுத்திய தீயிலிருந்து தப்பியது. 1839இல் பிரெடரிக் மேடன் இதனைப் பதிப்பித்தார். சுவடி இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது.

ஒளியும் இருளும்

கவிதை கிறித்துமசு விருந்தின் களிப்பில் தொடங்குகிறது. அங்கு ஆர்தர் சிறுபிள்ளைத் துடிப்புடைய இளைஞன். அவையும் இளமை பொலிவது. காவைன் புகழ்பெற்ற வீரன். திரைப்படத்திலோ அரசன் முதுமையால் தளர்ந்தவன். அவன் பெயர்கூடச் சொல்லப்படுவதில்லை. காவைன் இன்னும் வீரப்பட்டம் பெறாதவன். கவிதையில் ஐந்து அறங்களின் குறியாக விளங்கும் ஐம்முனை விண்மீன் பொறித்த கேடயம் ஊறின்றி நிலைக்கிறது. திரைப்படத்தில் கன்னி மரியாள் உருவம் தாங்கிய கேடயம் வழிப்பறிக்காரர்களால் உடைக்கப்படுகிறது.

முடிவின் வேறுபாடு

கவிதையில் காவைன் உயிரச்சத்தால் பச்சைக் கச்சையை மறைத்துவைக்கிறான். அதனால் கழுத்தில் சிறு வெட்டு மட்டுமே பெற்று மீள்கிறான். கச்சையை அவன் இழிவின் அடையாளமாக அணிய, அவையினரோ சிரித்து, தாமும் அதுபோன்ற கச்சையை அணிந்துகொள்கின்றனர். ஒருவனின் நாணத்தைச் சமூகம் பகிர்ந்துகொள்ளும் இந்நிகழ்வே கவிதையின் முடிவு. திரைப்படத்தில் அவையின் சிரிப்பு இடம்பெறவில்லை. கோழையாகத் தப்பி அரசாண்டு அழியும் எதிர்காலத்தைக் காவைன் மனத்தில் காண்கிறான். பின் தானே கச்சையைக் களைந்து வெட்டுக்குத் தலைகுனிகிறான். அவன் உயிர் பிழைத்தானா என்பது வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. கவிதை குறையுடைய மனிதனை ஏற்கும் கூட்டத்தைப் பேச, திரைப்படம் சாவின் முன் தனித்து நிற்கும் மனிதனைப் பேசுகிறது.

முடிவுரை

ஆர்தர் கதைகள் காலந்தோறும் மாற்றி எழுதப்பட்டவை. ஜெப்ரி ஆப் மான்மவுத் 12ஆம் நூற்றாண்டில் அவற்றை வரலாறாக எழுதினார். 1485இல் காக்ஸ்டன் அச்சிட்ட மாலரியின் நூல் அவற்றை வீழ்ச்சியின் காவியமாக்கியது. எனவே திரைப்படத்தின் மாற்றங்களைப் பிழையெனக் கொள்ள வேண்டுவதில்லை. எனினும் அதன் இருளை இடைக்கால மனத்தின் சான்றாகக் கொள்ளுதல் பிழையாகும். அவ்விருள் 21ஆம் நூற்றாண்டு தன்னைப் பற்றிக் கொண்டுள்ள ஐயத்தின் நிழலாகவே தோன்றுகிறது. வகுப்பறையில் இத்திரைப்படத்தைக் காட்டுவோர் கவிதையின் இறுதிச் சிரிப்பையும் உடன் கற்பித்தால், பழங்கதை எது, அதன் மறுவாசிப்பு எது என்பது மாணவர்க்குத் தெளிவாகும்.